‘கொழும்பு’ என்று சரியாகக் காட்டுகிறதா?

புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்கு வருபவர்களுக்கு வழக்கை விடக் காத்திருப்புத்தான் நீளம். காலை ஒன்பது மணிக்கு வந்து வாங்கில் குந்தினால், பெயர் கூப்பிடுவது பதினொரு மணிக்கும் இருக்கலாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருக்கலாம். மன்றுக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும். வெளியே விறாந்தையில் நேரம் போக வேண்டும். அங்கேதான் போன மாதம் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணி, கொட்டாஞ்சேனைக்காரர், தன் கறுப்பு அங்கிப் பையிலிருந்து ஒரு கிண்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். லண்டனில் இருக்கும் மகள் அனுப்பியது. ஆறு அங்குலத் திரை.

முதலில் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். ஒரு முழு ஏ4 தாள் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தது. எழுத்து எறும்பு ஊர்வது போல. பிறகு ‘மல்லிகை’ சஞ்சிகையின் பழைய இதழ் ஒன்று, நூலகம் என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கியது. அதுவும் எறும்புதான். கடைசியாகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அது அச்சுப் புத்தகத்தைவிடத் தெளிவாக, பெரிய எழுத்தில், கண்ணுக்கு இதமாக விரிந்தது.

“ஒரே சாமான்தானே தம்பி. இதுக்கு மட்டும் ஏன் வடிவாக் காட்டுது?” என்று கேட்டார்.

மின்வாசிப்பான் வாங்க நினைக்கும் எல்லோரும் காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கள் ஊரில் அநேகமானோர் கேட்பது வேறு: “கிண்டில் நல்லதா, கோபோ நல்லதா?” அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் ஆயிரம் பதில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது செட்டியார் தெருவில் புத்தகம் வாங்கி, நூலகம் தளத்தில் பழைய சஞ்சிகை தேடி, புதுக்கடையில் தீர்ப்பு வாசிக்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் அடுத்து வாசிக்கப்போகும் பத்துப் புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பத்தும் எந்த வடிவில் கிடைக்கின்றன என்று பாருங்கள். எந்தக் கருவி என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

கருவியின் அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே. இன்று சந்தையில் இருக்கும் கிண்டில், கோபோ, பொக்கெட்புக், பூக்ஸ் எல்லாமே இ இங்க் என்ற நிறுவனத்தின் மின்மைத் திரையைத்தான் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் பிறந்து 1997இல் நிறுவனமான தொழில்நுட்பம் அது. மயிரிழை அளவான நுண்குமிழிகளுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். மின்னூட்டம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. போன் திரை போல ஒளியைக் கண்ணுக்குள் அடிப்பதில்லை. தாளில் படுவது போல வெளிச்சம் மேலே பட்டுத் திரும்புகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, போன் சார்ஜை உயிரைப் போலக் காத்துக்கொண்டிருந்த இரவுகளில், என் பழைய வாசிப்பான் மட்டும் கவலையில்லாமல் கிடந்தது. அதே மாதத்தில்தான் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ‘த ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பும் தடைப்பட்டது. மின்னூல் வசதிக்காரரின் விளையாட்டுப் பொருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அப்போது போய்விட்டது.

திரை ஒன்றென்றால் வேறுபாடு எங்கே வருகிறது? கோப்பில்.

‘பொன்னியின் செல்வன்’ அழகாக விரிந்ததற்குக் காரணம், அதை யாரோ உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அந்த வேலையைத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்க, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார்கள். அப்படித் தட்டிய எழுத்து தண்ணீர் மாதிரி. எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவத்துக்கு வரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து கீழே இறங்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற தளத்தில் இபப் என்ற மின்னூல் வடிவில் இருக்கும் நூல்களும், அமேசனில் விலைக்கு வரும் தமிழ் நூல்களும் இந்த வகைதான்.

‘மல்லிகை’ அப்படியல்ல. அது ஒரு படம். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அந்த இதழை, பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி நூலகம் சேமித்து வைத்திருக்கிறது. படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப் பக்கத்தையும் உருப்பெருக்கி, விரலால் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஈழத்து வாசகரின் கணக்கு தமிழ்நாட்டு வாசகரின் கணக்கிலிருந்து பிரிகிறது. தமிழ்நாட்டு எழுத்தாளர்களின் நாட்டுடைமை நூல்கள் பலவும், புதிய நாவல்கள் பலவும் தட்டச்சு எழுத்தாகக் கிடைக்கின்றன. எங்கள் எழுத்தோ பெரும்பாலும் ஸ்கேன் பக்கமாகத்தான் உயிரோடு இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகம், 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கிக் கையில் கிடைத்ததையெல்லாம் படம் பிடித்து வைத்தது. சஞ்சிகை, பாடசாலை மலர், கோவில் கும்பாபிஷேக மலர், துண்டுப்பிரசுரம் என்று பல்லாயிரம் ஆவணங்கள். முதலில் காப்பாற்ற வேண்டும், தட்டச்சு பிறகு பார்க்கலாம் என்பதுதான் அந்த அவசரம். அது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு ஏற்ற கருவியைத்தான் நாம் வாங்க வேண்டும்.

ஒரு அடிமட்டம் எடுத்து அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் டெமி அளவுத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் அகலம், 21.5 சென்ரிமீற்றர் உயரம். ஆறு அங்குலத் திரையோ 9க்கு 12 தான். அந்தப் பக்கத்தை இதற்குள் அடைத்தால் 12 புள்ளி எழுத்து ஏழு புள்ளியாகச் சுருங்கும். மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளின் எழுத்து அது. ஏழு அங்குலத் திரையில் எட்டுப் புள்ளி, அவ்வளவுதான். 10.3 அங்குலத் திரையின் அளவோ ஏறக்குறைய 15.7க்கு 21. புத்தகப் பக்கம் கிட்டத்தட்ட அதன் சொந்த அளவிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே உங்கள் தாளில் எழுதிய பத்தில் ஆறேழு நூலகம் தளத்து ஸ்கேன் என்றால், பத்தங்குலத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். சட்டத்தரணிகளுக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் இதே பதில்தான். உயர் நீதிமன்றத் தீர்ப்பு, வர்த்தமானி, சட்டம் எல்லாமே பெரிய தாளில் வரும் பிடிஎஃப். கிண்டில் ஸ்கிரைப், கோபோ எலிப்சா, பூக்ஸ் நிறுவனத்தின் பத்தங்குலக் கருவிகள் இந்த வரிசை. பேனாவால் பக்க ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். வழக்குக் கோப்போடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது சின்ன வசதியல்ல.

ஏற்கெனவே ஆறு அங்குலம் வைத்திருப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை. திரையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஓர வெள்ளையை வெட்டிவிட்டு, அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசித்தால் எழுத்து ஏறக்குறைய அச்சு அளவுக்கே வந்துவிடும். கோபோ, பொக்கெட்புக் கருவிகளில் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஓரத்தைத் தானே வெட்டித் தரும். புதுக்கடை விறாந்தையிலேயே அந்தச் சட்டத்தரணிக்குக் கிண்டிலைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்.

இன்னொரு வகைக் கோப்பு இருக்கிறது. அதுதான் மிகவும் ஏமாற்றுவது. இலங்கையில் கணிசமான அச்சகங்கள் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் வேலை செய்தவை. அதில் ‘கொழும்பு’ என்று தெரிகிற சொல், கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. ஆங்கில விசைப்பலகையின் சின்ன என், எஃப், எச், பெரிய ஓ, சின்ன கே, அரைப்புள்ளி, பெரிய ஜீ என்ற ஏழு குறிகளின் வரிசை. அந்த ஏழுக்கும் மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. பிடிஎஃபாகப் பார்க்கும் வரை வடிவாக இருக்கும். இபப்பாக மாற்றினீர்களோ, போர்வை கழன்றுவிடும், உள்ளே இருக்கும் ஆங்கிலக் கிறுக்கல் வெளியே வரும். நண்பர் ஒருவர் தன் கவிதைத் தொகுப்பை அப்படி மாற்றிப் பார்த்துவிட்டு, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பயந்தே போனார். கருவியில் பிழையில்லை. பாமினிக் கோப்பை முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன.

யுனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கணினிக்குள் முதலில் க, பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி ககரத்துக்கு முன்னே வைத்து, காலைப் பின்னே வைக்க வேண்டும். இந்த வித்தை தெரியாத மென்பொருள் கொம்பையும் காலையும் கண்டபடி போடும், அல்லது நடுவில் ஒரு புள்ளி வட்டத்தைக் காட்டும். தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான். பழைய கருவிகள் பலவற்றில் தமிழ் இப்படி உடைந்ததால்தான் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் ஒவ்வொரு நூலையும் ஆறு அங்குலப் பிடிஎஃபாகவும் தனியே செய்து வைத்தார்கள். எத்தனை பேருடைய இரவு அதில் போயிருக்கும்!

இதில் கிண்டில் முன்னே நிற்கிறது. அமேசன் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்பனையைத் தொடங்கியதிலிருந்து, கிண்டிலில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. 2022 முதல் இபப் கோப்புகளையும் நமது கணக்குக்கு அனுப்பி அதில் வாசிக்கலாம். கோபோவில் தமிழ் எழுத்துருவை நாமே ஏற்ற வேண்டி வரலாம். ஏற்றிய பிறகும் கோப்பைப் பொறுத்து ஒன்று சரியாகவும் ஒன்று உடைந்தும் வரும். பூக்ஸ் அன்ட்ரொயிட்டில் ஓடுவதால் கிண்டில் செயலி உட்பட எதையும் அதில் போடலாம். அதற்கு ஈடாகச் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

கோபோவுக்கு வேறு பலம் உண்டு. ரொறன்ரோவில் பிறந்த நிறுவனம் அது. ‘புக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி வைத்த பெயர். இப்போது ஜப்பானின் ரகுடென் கையில் இருக்கிறது. 2024இல் வந்த கிளாரா, லிப்ரா கருவிகளைத் திறந்து பழுது பார்க்கக்கூடியதாகச் செய்து, ஐஃபிக்சிட் என்ற பழுதுபார்ப்புத் தளத்தின் வழியாக உதிரிப்பாகமும் வழிகாட்டியும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். சேவை நிலையம் இல்லாத நாட்டில் இருக்கும் நமக்கு இது பெரிய விஷயம். ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளுக்கு நூலக அட்டை மூலம் கோபோவிலேயே புத்தகம் இரவல் எடுக்கலாம். வெள்ளவத்தையில் இருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. அவர் “கோபோதான் வாங்கு” என்று சொல்வதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். அவருடைய நூலகம் வேறு, நம்முடையது வேறு.

வண்ணத் திரை வேண்டுமா? சிறுவர் கதையும் பாடப்புத்தகமும் வாசிக்கும் பிள்ளைக்கு வேண்டும். நாவல் வாசிப்பவருக்கு வேண்டாம். இன்றைய மின்மை வண்ணத் திரையில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் அதில் பாதி. பின்னணியும் கொஞ்சம் மங்கல். தண்ணீர் பட்டால் தாங்கும் கருவி, மாரிகாலத்தில் காலி வீதி பஸ்ஸில் போகிறவர்களுக்கு உண்மையில் உதவும்.

இனிக் காசு. 2024இல் அறிமுகமானபோது அமெரிக்காவில் சாதாரணக் கிண்டில் 110 டொலர், ஏழு அங்குலக் கிண்டில் பேப்பர்வைட் 160, கோபோ கிளாரா கறுப்பு வெள்ளை 130, லிப்ரா கலர் 220, ஸ்கிரைப் 400. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 33,000 ரூபாவில் தொடங்கி 120,000 ரூபாவில் நிற்கிறது. தீர்வை, வற் வரி, கடைக்காரர் இலாபம் தனி. பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவில் 16,999 இந்திய ரூபாவுக்கு வந்தது. சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுச் சேலையோடு இதையும் வாங்கி வருகிறார்கள்.

இலங்கைக்கென்று அமேசன் கடை இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் ஏறி இறங்கினால் யாரோ வெளியிலிருந்து தருவித்த கருவி அகப்படலாம். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான், பாவித்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் முந்திய சொந்தக்காரரின் கணக்கில் கட்டுண்டு கிடந்தது. அவர் டுபாயில் எங்கோ இருந்தார். கடைக்காரர் கையை விரித்தார். கட்டை அவிழ்க்க மூன்று மாதம் ஆனது. பாவித்த கருவி வாங்குகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே உங்கள் கணக்கில் பதிந்து, உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். விளம்பரம் காட்டும் பதிப்பா என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் மலிவாக விற்கும் கிண்டில் தூங்கும்போது திரையில் விளம்பரம் போடும்.

கருவியை வாங்கிவிட்டோம், புத்தகம் நமதா? புதுக்கடையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிண்டிலில் ‘வாங்கு’ என்பதை அழுத்தும்போது கிடைப்பது வாசிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ஐக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிக்குள் இருந்து, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டுபிடித்த அமேசன் அதை அழித்தது. பணம் திரும்பியது, மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் அது அவர்களால் முடியும் என்பது தெரிந்துவிட்டது. 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நூலகம் எரிவதைப் பார்த்த சமூகம் நாம். நம் புத்தகங்கள் ஒரே நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. பூட்டு இல்லாத இபப்பாகக் கிடைப்பதை அப்படியே வாங்கி, சொந்தக் கணினியில் காலிபர் மென்பொருளில் அடுக்கி வையுங்கள். இந்தியாவில் பிறந்த கோவிட் கோயல் 2006இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகத் தரும் மென்பொருள் அது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் புதிய நாவல்களின் பிடிஎஃபை இந்தக் கருவியில் ஏற்றாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், முந்நூறு பிரதி விற்கவே தவிக்கும் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பது அது.

என் தீர்ப்பு இது. வருடத்துக்கு நாலைந்து புத்தகம் மட்டும் வாசிப்பவர் எதையும் வாங்க வேண்டாம், போனே போதும், மிச்சக் காசுக்குப் பூபாலசிங்கம் புத்தகசாலையில் அச்சுப் புத்தகம் வாங்கலாம். தமிழ்நாட்டு நாவல்களும் மதுரைத் திட்டமும் ஆங்கிலமும் வாசிப்பவருக்கு ஏழு அங்குலப் பேப்பர்வைட். ஒரு நிறுவனத்துக்குள் அடைபட விரும்பாதவர், கொஞ்சம் நோண்டத் தெரிந்தவர் என்றால் கோபோ. ஈழத்துப் பழைய எழுத்தும் தீர்ப்புகளும்தான் உங்கள் வாசிப்பென்றால், காசு சேரும் வரை பொறுத்திருந்து பத்தங்குலம். கடைக்குப் போகும்போது மூன்று கோப்பு கொண்டு போங்கள்: நூலகம் தளத்து ஸ்கேன் ஒன்று, தமிழ் இபப் ஒன்று, தீர்ப்போ வர்த்தமானியோ ஒன்று. இபப்பில் ‘கொழும்பு’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’ மூன்றும் உடையாமல் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால், எவ்வளவு மலிவென்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் எங்கள் பதிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு புத்தகத்தின் யுனிகோட் கோப்பையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எழுத்தாளர் சம்மதித்தால் அதை இபப்பாக நியாயமான விலைக்கு விற்பனைக்கு விடுங்கள். அந்தச் சட்டத்தரணி தன் கிண்டிலில் வாசிக்க எங்கள் எழுத்தாளர் பன்னிரண்டு பேரின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அவர்களில் இருவரின் நூல்களை மட்டுமே விலைக்கு வாங்கக்கூடிய மின்னூலாக என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.